உடலசைவை எழுதிய எத்தியேன் ஜூல் மாரே

கண்களை மூடிக் கவிந்திருக்கும் ஒரு கருவியைத் தலையிற் பூண்டு, இருந்த இடத்திலிருந்தே இல்லாத உலகங்களிற் சஞ்சரிக்கும் வித்தை இந்நாளிற் பெருகி வருவதை நாம் அனைவரும் அறிவோம். மெய்ந்நிகர்க் காட்சி என்று தமிழிலும், விர்ச்சுவல் ரியாலிட்டி என்று பொது வழக்கிலும் இதனைக் கூறுவர். இவ்வித்தை நிலைபெறுவதற்கு இரண்டு காரியங்கள் இன்றியமையாதன. ஒன்று, கண்ணுக்குக் காட்சியைக் காட்டுதல். மற்றொன்று, அக்காட்சியைக் காண்போனது தலையும் கையும் காலும் எவ்விடத்தில், எவ்வாறு அசைகின்றன என்பதைக் கருவியானது கணந்தோறும் அறிந்துகொள்ளுதல். தலையைத் திருப்பும்போது காட்சியும் உடன் திரும்பாவிடின், காண்போனுக்கு மயக்கமும் குமட்டலுமே மிஞ்சும்.

இவ்விரண்டனுள் முன்னதன் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். பின்னதன் வரலாறோ அத்துணைப் பிரசித்தி பெறவில்லை. ஓடும் மனிதனுடைய உடலைத் தடுக்காமலும் வருத்தாமலும் அதன் அசைவை அளந்தறிதல் கூடும் என்பதை உலகிற்கு விளக்கிக் காட்டியவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத் தக்கவர், பிரான்சு தேசத்து உடலியல் அறிஞரான எத்தியேன் ஜூல் மாரே என்பவர். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும், அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இன்னும் தீரவில்லை. ஆதலின் அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இளமையும் கல்வியும்

மாரே 1830ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5ஆம் நாள் பர்கண்டி நாட்டில் போன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். திராட்சை மதுவுக்கும் பழைமையான தரும வைத்தியசாலைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. இளமையிலேயே அவருடைய கைகள் கருவிகள் செய்வதில் விருப்பமுற்றன. யந்திர நூல் பயின்று பொறியாளராக வேண்டும் என்பது அவரது ஆசை. மகன் வைத்தியனாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தந்தையின் சொல்லைத் தட்டாத மைந்தர் 1849இற் பாரிஸ் மாநகர் சென்று வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயினும் யந்திரங்களின்மேல் இருந்த பற்று அவரை விட்டு நீங்கவில்லை. மனித உடலையே ஒரு நுட்பமான யந்திரமாகக் கண்டு, அதன் இயக்கத்தை அளப்பதற்கு வேறு யந்திரங்களைச் சமைப்பதில் அவ்விரு விருப்பங்களும் ஒன்றுபட்டன. தந்தையின் ஆணையும் மைந்தனது ஆசையும் ஒருங்கே நிறைவேறின எனலாம்.

1859இல் இரத்த ஓட்டத்தைப் பற்றி ஆராய்ச்சியுரை எழுதி அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். நோயாளரைப் பார்த்துப் பொருளீட்டும் தொழில் அவருக்கு இசையவில்லை. 1864இல் பாரிஸிற் பழைய நாடகசாலையொன்று இருந்த கட்டிடத்தின் மேல்மாடியில் தமக்கென ஓர் ஆய்வுச்சாலை அமைத்துக்கொண்டார். பல்வகைக் கருவிகளும் ஆராய்ச்சிக்குரிய பிராணிகளும் நிறைந்திருந்த அவ்விடமே அவருக்கு வீடும் பள்ளியும் ஆயிற்று.

நாடி எழுதிய கோடு

மாரேயின் பெயரை முதன்முதல் எங்கும் பரப்பியது, 1860இல் அவர் அமைத்த நாடிவரைவுக் கருவியாகும். நாடி துடிப்பதை விரலால் உணர்தல் தொன்றுதொட்டு வைத்தியர் கையாளும் முறை. விரல் உணர்ந்ததை மற்றொருவருக்கு எடுத்துக் காட்டுதற்கு வழியில்லை. ஆதலின், நாடியே தன் துடிப்பைக் காகிதத்தின்மேல் எழுதுமாறு செய்தல் வேண்டும் என்று ஜெர்மானிய அறிஞர் சிலர் கருதினர். கார்ல் லுத்விக் என்பார் 1840க்குப் பிந்திய ஆண்டுகளில் இரத்த அழுத்தத்தைச் சுழலும் உருளையின்மேல் வரையச் செய்தார். கார்ல் ஃபியரோர்ட் என்பார், தோலைக் கீறாமலே மணிக்கட்டிலிருந்து நாடியை வரையும் கருவியொன்றை இயற்றினார்.

ஃபியரோர்டின் கருவி நீண்ட தண்டும் எடைத்தட்டுகளும் கொண்டு மிகக் கனத்திருந்தது. கனத்த பொருள் எளிதில் அசையாது. அசைந்தபின் எளிதில் நில்லாது. எனவே நாடியினது நுண்ணிய ஏற்ற இறக்கங்களெல்லாம் அத்தண்டின் பாரத்தில் மறைந்துபோயின. ஒரேவிதமான அலைகளே காகிதத்திற் பதிந்தன. நாடி எழுதியதாக எண்ணப்பட்ட கோட்டிற் கருவியின் எடையும் கலந்து எழுதியிருந்தது.

மாரே இக்குறையை உணர்ந்து, மெல்லிய நெம்புகோல் ஒன்றைச் சிறு வில்லின் துணையால் மணிக்கட்டின் நாடிமேற் பொருத்தினார். அதன் முனை, கடிகாரப் பொறியால் நகரும் புகைக்கரி படிந்த தகட்டில் கோடு வரைந்தது. கையிலே கட்டிக்கொண்டு எங்கும் எடுத்துச் செல்லத் தக்கதாய் அக்கருவி இருந்தது. இதயம் ஒருமுறை துடித்தபின், பெருங்குழாயின் வால்வு மூடும்போது நாடியில் எழும் இரண்டாவது சிற்றலையும் அக்கோட்டில் தெளிவாகத் தோன்றியது. ஐரோப்பிய வைத்தியசாலைகள் பலவற்றில் அக்கருவி இடம்பெற்றது.

இஃது ஒரு சிறு சீர்திருத்தமே என எண்ணுவார் உளராயின், அவர் மாரேயின் வாழ்க்கையை உணராதவராவர். அளக்கும் கருவியின் பாரம் அளக்கப்படும் பொருளைக் கெடுக்கும் என்னும் உண்மை இங்கேதான் அவருக்குப் புலனாயிற்று. அன்றுமுதல் 40 ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்த கருவிகள் அனைத்தும், உடலின்மேலிருந்து பாரத்தைச் சிறிது சிறிதாக அகற்றும் முயற்சிகளே என்று நாம் கருதுகின்றோம்.

இதயமும் காற்றுக்குழாயும்

1861 முதல் 1863 வரை, கால்நடை வைத்தியப் பேராசிரியராகிய ஓகுஸ்த் ஷோவோ என்பவருடன் சேர்ந்து, குதிரையின் இதயத்தினுள் நேரும் அழுத்த மாறுபாடுகளை மாரே அளந்தார். கழுத்துக் குழாய்களின் வழியே மெல்லிய குழல்களைச் செலுத்தி, அவற்றின் நுனியிலிருந்த சிறு ரப்பர்ப் பைகளில் ஏற்படும் அமுக்கத்தைக் காற்றின் வாயிலாக வெளியே கொண்டுவந்து, எழுதுகோலை அசையச் செய்தனர். மார்பில் நாம் கைவைத்து உணரும் துடிப்பு, இதயத்தின் கீழறைகள் சுருங்கும் அதே வேளையில் நிகழ்வது என்பதை அவ்வரைகோடுகள் நிறுவின. நெடுங்காலமாக அறிஞரிடையே நிகழ்ந்த விவாதம் ஒன்று இதனால் முடிவுற்றது.

காற்று நிறைந்த ரப்பர்க் குழாயின் ஒரு முனையிலும் மறுமுனையிலும் சிறு பறை போன்ற கருவியைப் பொருத்தி, ஓரிடத்து அசைவை மற்றோரிடத்தில் எழுதச் செய்யும் இம்முறையைப் பிற்காலத்தில் உடலியல் ஆய்வுச்சாலைகள் எங்கும் கைக்கொண்டனர். அக்காலத்தில் உயிருள்ள பிராணிகளை அறுத்துச் சோதித்தலே உடலியல் ஆராய்ச்சியின் தலையாய முறையாக மதிக்கப்பட்டது. அறுப்புண்டு துன்புறும் உடல் தன் இயல்பான தொழிலைச் செய்யாது என்றும், இயன்றவரை உடலைத் தன்போக்கில் விட்டே அறிதல் வேண்டும் என்றும் மாரே கருதினார். கருணையும் கணக்கும் அவரிடத்தில் ஒரே முடிவைத் தந்தன.

ஓடுவோன் அணிந்த பாதுகை

1869இற் பாரிஸ் நகரத்து கொலேஜ் த பிரான்ஸ் என்னும் பெருங்கலைக்கழகத்தில் மாரே பேராசிரியரானார். உடலின் உள்ளே நிகழும் அசைவுகளை ஆராய்ந்தவர், இனி முழு உடலின் நடை, ஓட்டம், பறத்தல் ஆகியவற்றை ஆராயத் தொடங்கினார்.

மனிதனுடைய நடையை அளப்பதற்காக அவர் செய்த பாதுகை இன்றைய மாணவரும் வியக்கத் தக்கது. அதன் தடித்த ரப்பர் அடியில் ஒரு காற்றறை இருந்தது. பாதம் நிலத்தில் ஊன்றுந்தோறும் அவ்வறை அமுங்கும்; அந்த அமுக்கம் காலோரமாகச் செல்லும் குழாய் வழியே ஏறி, ஓடுவோன் கையிற் பிடித்திருக்கும் சிறு உருளைக் கருவியில் கோடாகப் பதியும். எந்தக் கால் எப்பொழுது ஊன்றிற்று, எவ்வளவு நேரம் ஊன்றிற்று, இரண்டு கால்களும் நிலத்தை விட்டு எழும்பிய கணம் யாது என்பவையெல்லாம் அக்கோடுகளால் விளங்கின. உடலிலே பூட்டிய கருவி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அசைவை உணர்ந்து தெரிவித்தல் என்பது இன்றைக்கு உடல்பின்தொடர் கருவிகள் செய்யும் வேலையே.

குதிரையின் குளம்புகளிலும் இவ்வாறே ரப்பர்ப் பந்துகளைப் பொருத்தி, குழாய்களைச் சவாரி செய்வோன் கையிலுள்ள கருவியோடு இணைத்து, அதன் நடைகளை எல்லாம் எழுதினார். பெருநடையில் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு நீங்குகின்றன என்பது அதனால் தெரிந்தது. குளவியின் இறகு நுனியில் பொன்தகட்டுத் துணுக்கை ஒட்டி வெயிலிற் பிடித்து, இறகு அடிக்கும்போது எட்டு என்னும் இலக்க வடிவில் ஒளி சுழல்வதைக் கண்டார். ஈயானது ஒரு விநாடிக்கு 330 முறை இறகடிக்கிறது என்றும் அளந்தார். இவற்றையெல்லாம் தொகுத்து 1873இல் விலங்கு யந்திரம் என்று பொருள்படும் நூலை வெளியிட்டார்.

ஆயினும் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. புறாவின் உடலிற் கச்சையும் குழாயும் பூட்டினால் அது பறப்பது உண்மைதான். பூட்டிய பாரத்தோடு பறப்பதும் உண்மைதான். குழாயின் நீளத்துக்குமேல் அது செல்லவும் இயலாது. நாடியின்மேல் ஃபியரோர்ட் வைத்த தண்டு போலவே, புறாவின்மேல் தாம் வைத்த கச்சையும் அதன் இயல்பை மறைக்கின்றதோ என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது.

ஒளியின் துணை

இவ்வையத்துக்கு விடை கலிபோர்னியாவிலிருந்து வந்தது. மாரேயின் நூலைக் கண்ட லீலண்டு ஸ்டான்போர்டு என்னும் செல்வர், குதிரையின் ஓட்டத்தை உள்ளவாறு காணவேண்டும் என்னும் வேட்கையால், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக் கலைஞரைக் கொண்டு 1878இல் ஓடும் குதிரையின் படங்களை வரிசையாக எடுக்கச் செய்தார். பல காமிராக்களை ஒரு வரிசையில் நிறுத்தி எடுத்த அப்படங்கள், மாரேயின் கோடுகள் உரைத்ததை மெய்ப்பித்ததோடு, முன்காலும் பின்காலும் நீட்டியபடி குதிரை பாய்வதாக ஓவியர் நெடுங்காலம் வரைந்துவந்தது பிழை என்பதையும் காட்டின. வியப்பு யாதெனில், மாரேயும் மைபிரிட்ஜும் ஒரே ஆண்டில் பிறந்து, 1904ஆம் ஆண்டின் மே மாதத்திலேயே இருவரும் மறைந்தனர்.

படங்களைக் கண்ட மாரே பெருமகிழ்ச்சி எய்தினார். குழாயும் கச்சையுமின்றி, ஒளி ஒன்றாலேயே அசைவைப் பற்றிவிடலாம் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1881இல் மைபிரிட்ஜ் பாரிஸுக்கு வந்தபோது தம் இல்லத்தில் விருந்தளித்து அறிஞர் பலருக்கு அவரை அறிமுகப்படுத்தினார். ஆனால், பல காமிராக்கள் பல இடங்களிலிருந்து எடுத்த படங்களில் காலவளவு துல்லியமாக இல்லை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

1882இன் தொடக்கத்தில், குளிர்காலங்களை அவர் கழிக்கும் இத்தாலிய நகரமாகிய நேப்பிள்ஸில், துப்பாக்கி வடிவான ஒரு காமிராவை அமைத்தார். குழலில் கண்ணாடி வில்லையும், பின்புறத்தில் சுழலும் தகடும் கொண்ட அது, விசையை இழுத்தால் ஒரு விநாடியில் 12 படங்களைப் பிடிக்கும். ஒவ்வொரு படமும் ஒரு விநாடியில் 720இல் ஒரு பங்கு நேரத்தில் பதியும். அதனைத் தூக்கிக் கடற்பறவைகளைக் குறிபார்த்துத் திரிந்தார். சுடுவதுமின்றி வீழ்த்துவதுமின்றி நாள்தோறும் துப்பாக்கி நீட்டும் இவரைக் கண்ட அவ்வூரார் பித்தர் என்று எண்ணினர் எனக் கூறுவர். பறவை தன்போக்கிற் பறந்தது. அதன் அசைவோ தகட்டில் தங்கிற்று.

கருப்பு உடையும் வெண்கோடும்

அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரத்தாரும் அரசாங்கத்தாரும் அளித்த உதவியைக் கொண்டு, புலோஞ் வனத்தை அடுத்த திறந்தவெளியில் உடலியல் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 500 மீட்டர் சுற்றளவுள்ள வட்டமான ஓடுபாதை, கருந்துணி போர்த்த ஆழ்ந்த கொட்டகை, தண்டவாளத்தின்மேல் நகரும் காமிரா வண்டி ஆகியவை அங்கு அமைந்தன. உடற்பயிற்சியில் வல்லவரான ஜார்ஜ் தெமெனி என்பவர் மாரேயின் துணைவராக அந்நிலையத்தை நடத்தினார்.

மாரே ஒரே கண்ணாடித்தகட்டில் ஓர் அசைவின் பல கட்டங்களையும் அடுத்தடுத்துப் பதியச் செய்தார். துளைகள் கொண்ட வட்டத்தகடு காமிராவின்முன் சுழன்று, ஒளியைச் சம இடைவெளியில் விட்டு விட்டு அனுப்பும். கறுத்த பின்புலத்தின்முன் வெள்ளுடை தரித்தவன் ஓடினால், அவனது உருவம் தகட்டில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வரிசையாகப் பதியும். இம்முறையில் ஓர் இடையூறு நேர்ந்தது. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எந்தக் கால் என்று அறியமுடியாமற் போயிற்று. குறைத்தால் இடைப்பட்ட அசைவுகள் தவறிவிட்டன.

1883இல் மாரே கண்ட தீர்வு எளியது, ஆனால் ஆழ்ந்தது. ஓடுவோனுக்குத் தலைமுதல் கால்வரை கருப்பு உடை உடுத்தினார். கை கால்களின் எலும்பு செல்லும் வழியே வெண்மையான பட்டைகளையும், மூட்டுகளில் ஒளிரும் பொத்தான்களையும் பொருத்தினார். காமிராவின் கண்ணுக்கு இப்பொழுது மனிதன் மறைந்துவிட்டான். சில கோடுகளும் புள்ளிகளுமே தெரிந்தன. அவை ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி மெல்லியவாக இருந்தமையால், எத்தனை படங்களும் ஒரே தகட்டில் இடங்கொண்டன. நடக்கும் மனிதனின் முழங்கால் எவ்வளவு வளைகின்றது, இடுப்பு எவ்வளவு ஏறி இறங்குகின்றது என்பதை அளவுகோலால் அளந்துவிடலாம்.

இக்காலத்துச் சினிமா நிலையங்களில் நடிகர்கள் ஒளிரும் புள்ளிகள் பதித்த இறுக்கமான உடையணிந்து ஆடுவதையும், அப்புள்ளிகளைப் பல காமிராக்கள் பின்தொடர்வதையும் நாம் படங்களிற் பார்த்திருக்கின்றோம். அம்முறையின் வித்து மாரேயின் கருப்பு உடையில் உள்ளது. அன்றியும் 1885இல், முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஒளிவிடும் ஒரு புள்ளியைப் பொருத்தி, அது நடக்கும்போது ஆகாயத்தில் வரையும் வளைகோட்டை இரட்டைக் கண்ணோட்டப் படமாக எடுத்தார். வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும் தனித்தனியே காட்டினால், அக்கோடு நீளமும் அகலமும் ஆழமும் கொண்டதாகக் காண்பவர்முன் நிற்கும். உடலின் அசைவை முப்பரிமாணத்தில் கண்டறியும் வேலை இவ்வாறு தொடங்கிற்று.

தெமெனியுடன் நேர்ந்த பிரிவு

1888இல் மாரே நகரும் காகிதச் சுருளில் படமெடுத்து, விஞ்ஞானக் கழகத்தில் அறிவித்தார். 1890 முதல் செல்லுலாய்டுச் சுருளைக் கையாண்டார். 1889இற் பாரிஸில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு வந்திருந்த எடிசன் இவற்றைக் கண்டு சென்றார். இன்னும் ஓரடி வைத்திருந்தால் திரைப்படக் கலையின் தந்தை என்னும் பட்டம் மாரேயையே சார்ந்திருக்கும். அவர் அவ்வடியை வைக்கவில்லை. அவருடைய சுருளின் ஓரங்களில் துளைகள் இல்லாமையால் படங்கள் சம இடைவெளியில் நில்லாது, திரையிற் காட்டும்போது தள்ளாடின. அதனைத் திருத்துவதில் அவருக்குத் தீவிர ஆர்வமும் இல்லை.

இங்கேதான் ஆசிரியருக்கும் துணைவருக்கும் கருத்து வேறுபட்டது. தெமெனி 1891இல் பேசுவோனுடைய உதட்டசைவைப் படமெடுத்து, சுழலும் தகட்டின் வழியே மீண்டும் உயிர்ப்பித்துக் காட்டும் கருவியொன்றை அமைத்தார். காதுகேளாதோர் உதட்டசைவால் பேச்சை அறிதற்கு அது பயன்படும் என்பது நோக்கம். பொதுமக்கள் பெரிதும் விரும்பவே, அதனை வியாபாரமாக நடத்த ஒரு கூட்டமைப்பையும் ஏற்படுத்தினார். அரசாங்கப் பணத்தால் நடக்கும் ஆராய்ச்சி நிலையம் வியாபாரத்துக்குத் துணையாதல் தகாது என்று மாரே எண்ணினார். 1894இல் தெமெனி நிலையத்தை விட்டு நீங்க நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நிலையத்தின் அன்றாட வேலையைச் சுமந்தவர் அவ்வாறு பிரிந்தது இருவருக்கும் நலம் பயக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே லூமியேர் சகோதரர் பாரிஸில் திரைப்படத்தைக் காட்டிப் புகழ் கொண்டனர்.

மாரேயின் எண்ணத்தை நாம் சிறிது ஆராய்தல் வேண்டும். கண் ஏற்கனவே காண்பதை அப்படியே திரும்பக் காட்டும் கருவியினால் அறிவு வளராது என்பது அவரது துணிபு. மிக விரைவாக நிகழ்வதை மெதுவாக்கியும், மிக மெதுவாக நிகழ்வதை விரைவாக்கியும் காட்டும்போதே அது கண்ணின் குறையை நிரப்பும் என்று அவர் கருதினார். மக்களின் மகிழ்ச்சியையும், கலையின் ஆற்றலையும் அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பதை மறுக்க இயலாது. காதுகேளாதோர்க்கு உதவ எண்ணிய தெமெனியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனினும் காட்சி காட்டுதல் வேறு, உடலை அறிதல் வேறு என மாரே பிரித்தறிந்தது பொய்யன்று. அன்று பிரிந்த அவ்விரு நெறிகளும் இன்றைய மெய்ந்நிகர்த் தலையணியில் மீண்டும் ஒன்றாகக் கூடியுள்ளன.

இறுதி ஆண்டுகள்

1894இல் தலைகீழாகப் பிடித்து விடப்பட்ட பூனை எவ்வாறு காலூன்றி விழுகின்றது என்பதை மாரே படமெடுத்துக் காட்டினார். ஆகாயத்தில் பற்றுக்கோடின்றி உடலைத் திருப்புதல் பௌதிக விதிகளுக்கு முரணாகும் என்று எண்ணியிருந்த கணித அறிஞர் திகைத்தனர். பூனை தன் உடலின் முற்பாதியையும் பிற்பாதியையும் வெவ்வேறாகத் திருப்பியே விதி தவறாமல் நிமிர்கின்றது என்பது பின்னர் விளங்கிற்று. 1895இல் மாரே பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக விளங்கினார். முதுமையிலும் ஓயாது, காற்றின் போக்கை அறிவதற்காகப் புகைக்கோடுகளை ஒரு கண்ணாடிக் கூண்டினுள் செலுத்திப் படமெடுத்தார். பல நாட்டு ஆய்வுச்சாலைகளின் அளவைக் கருவிகளும் ஒரே தரத்தினவாய் அமைதல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் தம் பெயரால் ஒரு கழகமும் நிறுவினார். 1904 மே மாதத்தில் பாரிஸில் உயிர் நீத்தார். அவரது நிலையம் இருந்த பகுதியில் இன்று ரோலண்ட் காரோஸ் டென்னிஸ் அரங்கம் பரந்து கிடக்கின்றது.

அவர் விதைத்தவை பல வயல்களில் விளைந்தன. ஆகாயவிமானம் கண்ட ரைட் சகோதரர் அவருடைய விலங்கு யந்திர நூலைப் படித்தவர்கள். பிராங்க் கில்பிரெத் என்னும் அமெரிக்கர் தொழிலாளரின் கைகளிற் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளிக்கோட்டைப் படமெடுத்து, வீணான அசைவுகளை நீக்க வழி தேடினார். மாரேயின் நிலையத்துக்கு அரசாங்கம் பொருள் தந்ததற்கும், படைவீரர் களைப்பின்றி நடக்கும் வழி தெரியலாம் என்னும் எண்ணம் ஒரு காரணமாயிருந்தது. உடலின் அசைவை அறிந்தவர் அவ்வறிவை யாருக்காகப் பயன்படுத்துவர் என்னும் கேள்வி அக்காலத்திலேயே பிறந்துவிட்டது.

இன்றைய தலையணியும் மாரேயின் நெறியும்

1968இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவியை அமைத்தபோது, தலையின் அசைவை அறிவதற்காக அதனைக் கூரையிலிருந்து தொங்கும் ஒரு தண்டுடன் இணைக்க வேண்டியிருந்தது. அணிந்தவன் அத்தண்டு எட்டும் அளவே நகரலாம். மாரேயின் புறாவும் குழாயின் நீளமளவே பறந்ததை ஈண்டு நினைவுகூர்க.

அதன்பின் கருவிகள் கூரையை விட்டு இறங்கின. 2023இல் வெளிவந்த குவெஸ்ட் 3 என்னும் தலையணி 515 கிராம் எடையுள்ளது. 2024இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் புரோ 600 கிராமுக்கும் மிகுதி. அரைக்கிலோ எடை முகத்தின் முன்புறமாகத் தொங்கும்போது கழுத்து வருந்துகின்றது. வருந்தும் கழுத்து இயல்பாகத் திரும்பாது. 2023இற் பிக்ஸ்கிரீன் பியாண்ட் என்னும் தலையணியை, தலைவார் நீங்கலாக, 127 கிராமில் அமைத்தனர்.

அவ்வளவு எடை எங்கே போயிற்று என்று வினவுவோமாயின் மாரேயின் நெறி விளங்கும். எடை ஒழியவில்லை; இடம் மாறிற்று. கணக்கிடும் வேலை கம்பியால் இணைந்த தனிக் கணினிக்குச் சென்றது. இருப்பிடத்தை அறியும் பொறுப்பு, அறையில் நிறுத்திய ஒளிவீசும் பெட்டிகளுக்குச் சென்றது. விஷன் புரோவின் மின்கலமும் சட்டைப்பைக்கு இறங்கியிருக்கின்றது. ஓடுவோன் கையிலிருந்த உருளையை நீக்கி, அவ்வேலையை வெளியே நிற்கும் காமிராவிடம் மாரே ஒப்புவித்தது போன்றதே இஃது. தலையணியின் வருங்காலம், இன்னும் எவற்றையெல்லாம் உடலிலிருந்து இறக்கிவைக்க முடியும் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கின்றது.

உடலைப் பின்தொடரும் கருவிகளிலும் மாரே சென்ற படிகளே மீண்டும் தோன்றுகின்றன. இடுப்பிலும் பாதத்திலும் கட்டிக்கொள்ளும் சிறு கருவிகள் அவரது பாதுகையின் வழித்தோன்றல்கள். அவற்றுட் சில, தம் அசைவை மட்டும் உணர்ந்து இருப்பிடத்தைக் கணக்கிடுவதால், நேரம் செல்லச் செல்லப் பிழை சேர்ந்து வழுவுகின்றன. ஒன்றுமே அணியாத உடலைக் காமிராவாலேயே அறியும் முறையும், 2010இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட் முதலாக இல்லங்களிற் புகுந்தது. தலையணியிலேயே பதித்த காமிராக்கள் கைகளை நன்கு காண்கின்றன. கால்களைக் காணுதல் அவற்றுக்கு அரிது. ஆதலின் கால்களின் நிலையை ஒருவாறு ஊகித்தே காட்டுகின்றனர். மாரே ஊகத்தை ஏற்கமாட்டார். அளந்ததையும் ஊகித்ததையும் வேறு வேறு நிறத்திற் காட்டுமாறு கேட்டிருப்பார் என்று நாம் எண்ணுகின்றோம்.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. ரப்பர்ப் பாதுகை அணிந்து ஓடியவன், தான் அளக்கப்படுவதை ஒவ்வோர் அடியிலும் உணர்ந்தான். கருப்பு உடை உடுத்தவனும் அதனை அறிவான். கருவி இலேசாக ஆக, அளக்கப்படுகின்றோம் என்னும் உணர்வும் இலேசாகின்றது. 2023இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், மெய்ந்நிகர் விளையாட்டொன்றை ஆடிய 50,000க்கு மேற்பட்டோரின் தலையசைவையும் கையசைவையும் மட்டும் கொண்டு, 100 விநாடி அசைவிலிருந்தே ஒருவரை நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான உறுதியுடன் இன்னாரென இனங்காணலாம் என்று கண்டனர். முகமும் பெயரும் மறைந்தாலும் அசைவு மறையாது. கருப்பு உடையால் மனிதனை மறைத்துவிட்டு அசைவை மட்டும் எடுத்த மாரேயின் தகட்டில், அம்மனிதனும் உடனிருந்தான் என்பது இன்று தெளிவாகின்றது.

ஆகவே இக்கருவிகளை இயற்றப்போகும் மாணவர்க்கு இரண்டு கடமைகள் உள. உடலின்மேலுள்ள பாரத்தை மாரேயைப் போல் இடையறாது குறைத்தல் ஒன்று. அவ்வாறு இறக்கிய பாரம் யாரிடம் சென்று சேர்ந்தது, அங்கே திரண்ட அறிவு யாருக்குரியது என்பதை அணிவோனுக்கு மறையாமற் கூறுதல் மற்றொன்று. முன்னதை மாரே செய்து காட்டினார். பின்னதைச் செய்யும் பொறுப்பு நம் தலைமுறையைச் சார்ந்தது. பௌதிகமும் உடலியலும் கணிதமும் நம் கல்லூரியிற் பயில்வோருள் யாரேனும் ஒருவர் அப்பணியை மேற்கொள்வாராயின், புகைக்கரி படிந்த தகட்டில் முதன்முதல் ஒரு நாடியை எழுதவைத்த அப்பெரியார்க்கு அதுவே தக்க நன்றியாகும்.